எங்கள் வீட்டு நாலாவது ஷிப்ட்

எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டீங்களா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் "தூங்கினியா?" என்று கேட்கிறோம். போன மாதம் பெங்களூரிலிருந்து மாமா ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அத்தை அவரிடம் "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மனிதர் பயந்துபோய், தன் முகம் அவ்வளவு வாடியிருக்கிறதா என்று கண்ணாடியைத் தேடினார்.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கொண்டுவந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க என் வீட்டார் சுலபமாகப் பழகிவிட்டார்கள். என் பதிலை நம்பத்தான் அவர்களுக்கு நெடுநாள் ஆனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதினேழு வயசுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, "இது வயசுக் கோளாறுதானே?" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும் யாராவது படித்தால் நல்லது.

என் பெயர் பவித்ரா. கர்நாடகத்தில், ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு ஒன்றில் இருக்கிறோம். நான் பிறப்பதற்கு முன்பே ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஆனால் ஷிப்ட் கணக்கு மட்டும் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. விடிவதற்கு முன்னால் முதல் ட்ரெயினைப் பிடிப்பார், இருட்டிய பிறகு திரும்புவார், சாப்பிட்டதும் கட்டையைச் சாய்த்துவிடுவார். அம்மா ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். கடை சாத்திய பிறகுதான் அவளுக்கு வீடு. அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். மதியம் எனக்குச் சோறு போடுவது அவள்தான். காலையில் அப்பா ஷிப்ட், மதியம் அத்தை ஷிப்ட், ராத்திரி அம்மா ஷிப்ட் என்று நான் சின்ன வயசிலிருந்தே கிண்டல் செய்வேன். அந்தக் கிண்டலில்தான் என் நோயே ஒளிந்திருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதல் பியூசி, அதாவது பதினொன்றாம் வகுப்பு, படிக்கும்போது என்னால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தலைவாரக் கையைத் தூக்குவதே மலையாக இருந்தது. பிடித்த பாட்டு எரிச்சலாக இருந்தது, பிடித்த தோழி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணமே இல்லாமல் அழுகை வரும், காரணம் கேட்டால் கோபம் வரும். "வயசுப் பொண்ணு, அப்டித்தான் இருக்கும்" என்றார்கள். ஒருத்தர் டானிக் எழுதிக் கொடுத்தார். அத்தை மந்திரித்த கயிறு கட்டினாள். எதிர்வீட்டு ஆன்ட்டி சர்ச்சில் எனக்காக ஜெபம் செய்யச் சொன்னார். எல்லாம் அன்பால் செய்தது, குறை சொல்ல எனக்கு வாய் வராது. சில மாதங்களில் அந்தச் சோர்வு தானாக விலகியது. டானிக்காரர், அத்தை, ஆன்ட்டி மூன்று பேருமே அதைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மார்கழி வந்தது.

எனக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. தூக்கம் வராமல் புரண்டேன் என்று சொல்லவில்லை. தேவைப்படவே இல்லை. அம்மா படுக்கும்போது படித்துக்கொண்டிருப்பேன், அப்பா எழும்போது குளித்துத் தலையில் துண்டு கட்டியிருப்பேன். அவருடைய டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும், சட்டை இஸ்திரி போட்டிருக்கும். வாசலில் கோலம். முதல் நாள் எங்கள் வாசலில் மட்டும். அப்புறம் அத்தை வாசலிலும். ஒரு வாரத்தில் அந்த லைன் முழுக்க, யார் வீடு என்று பார்க்காமல், ஒரே கோலத்தை இழுத்துக்கொண்டே போனேன். எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலில் மட்டும் கோலத்துக்குப் பதில் நட்சத்திரம் போட்டேன். அவ்வளவு யோசனை எனக்கு.

தெருவே மெச்சியது. "இன்னாம்மா, பொண்ணு இப்டி சுறுசுறுப்பா கீது! எங்க வீட்லயும் ஒண்ணு கீது, எழுப்பப் போனா எட்டி ஒதைக்குது" என்று ஒரு அம்மா என் அம்மாவிடம் சொன்னார். அப்பா ட்ரெயினில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு எனக்கு முன்னாடி எழுந்துடறா" என்று சொல்லிப் பெருமைப்பட்டார்.

வேறு ஊராக இருந்தால், அந்த நேரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தால் யாராவது என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்போதுதான் குக்கர் விசில் அடிக்கும். ட்ரெயினுக்கு ஓடுகிற ஊரில் தூங்காதவள் நல்ல பெண். என் நோய்க்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைத்திருக்காது.

எனக்கும் அது நோயாகத் தெரியவில்லை. மண்டைக்குள் எல்லா ட்யூப்லைட்டும் ஒரே சமயத்தில் எரிந்த மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் நான் இருந்ததே இல்லை. இதை மறைத்துச் சொன்னால் பொய்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், பெங்களூரில் ஒரு காலேஜைப் பார்த்துவர வேண்டும் என்று அடம்பிடித்து அப்பாவோடு முதல் ட்ரெயினில் ஏறினேன். அந்த ட்ரெயினில் ஏறியவுடன் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்வார்கள். நான் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பினேன். சுரங்கக் கழிவு கொட்டிக் கொட்டி மலையாகிப்போன எங்கள் ஊர் சயனைடு மேட்டில் ரோஜாத் தோட்டம் போடப்போகிறேன், வெளிநாட்டிலிருந்து ஜனங்கள் வருவார்கள், இனி யாரும் பெங்களூருக்குப் போக வேண்டாம் என்று தமிழில் ஆரம்பித்து கன்னடத்துக்குத் தாவி தெலுங்கில் முடித்தேன்.

"பவி, ஒக்காருமா. எல்லாரும் தூங்கறாங்க."

"இன்னாத்துக்குப்பா தூங்கறாங்க? தூங்கித் தூங்கித்தான் இந்த ஊரு இப்டி ஆச்சு."

சிலர் சிரித்தார்கள். பங்காருபேட்டை தாண்டியதும் காற்று வேண்டும் என்று வாசலுக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே நீட்டினேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாது என்று நிச்சயமாகத் தெரிந்தது, அந்த நிச்சயம்தான் நோய். அப்பாவோடு தினமும் போகிற ரோஸி அக்கா பின்னாலிருந்து என் ஜடையைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தார். நான் அவர் கையைக் கடித்தேன். அவர் விடவில்லை. "அண்ணே, இது வயசுக் கோளாறு இல்ல. இன்னிக்கு வேலைக்குப் போவாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க" என்றார். அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

மனநல ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடம் ரயில்வே ஸ்டேஷன் மாதிரிதான் இருந்தது. பை, ப்ளாஸ்க், தூங்கும் குழந்தை, டோக்கன் கூப்பிடும் குரல். சங்கிலியும் கூச்சலும் இருக்கும் என்று நினைத்திருந்த அம்மா (அவள் அடுத்த ட்ரெயினைப் பிடித்து, கட்டியிருந்த புடவையோடு வந்திருந்தாள்), பக்கத்தில் ஒரு பாட்டியம்மா வெற்றிலை மடிப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்தாள். நான் அங்கேயும் எல்லோருக்கும் ரோஜாத் தோட்டத்தில் வேலை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு நடுவயசு அம்மா. நிதானமாகக் கேட்டார். "எப்போ தூங்கறா?"

"நான் கெளம்பறப்போ முழிச்சிருப்பா மேடம். எனக்கு முன்னாடியே குளிச்சுடுவா" என்றார் அப்பா.

"நான் படுக்கறப்போ படிச்சுகினு இருப்பா. படிக்கிற பொண்ண ஏன் கெடுக்கணும்னு லைட்ட அணைக்கச் சொல்லமாட்டேன்" என்றாள் அம்மா.

"மதியம்?"

அத்தைக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அத்தை குரல் கணீரென்று வந்தது. "மத்தியானத்துல அவ எங்க தூங்கறா? எம்வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் பரண்லேர்ந்து எறக்கித் தேய்ச்சுட்டா. நல்ல பொண்ணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ எப்போதான் தூங்கறா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா போனைப் பார்த்தாள். மூன்று பேருமே நான் அடுத்தவர் ஷிப்டில் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், கிட்னி பார்த்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி எடுத்தார்கள். கர்ப்பம் இருக்கிறதா என்ற சோதனையும் எழுதியிருந்ததைப் பார்த்து அம்மா நர்ஸிடம் சண்டைக்குப் போய்விட்டாள். "எங்க பொண்ண இன்னான்னு நெனச்சீங்க?" டாக்டர் கோபப்படவில்லை. கொடுக்கப்போகும் மருந்துகளில் சில வயிற்றுக் குழந்தைக்குக் கெடுதல், அதனால் எல்லாப் பெண்களுக்கும் பார்ப்போம், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் என்றார். அம்மா சமாதானமானாள், ஆனால் அந்தச் சீட்டை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் நோய்க்கு இருதுருவ மனநோய் என்று பெயர். பைபோலார் என்பார்கள். மனசு ஒரு கோடிக்குப் போய்ச் சோர்ந்து விழும், மறுகோடிக்குப் போய்ப் பொங்கி வழியும். "எல்லாப் பிள்ளைங்களுக்கும் இந்த வயசுல மூட் மாறும்" என்று டாக்டர் விளக்கினார். "காலையில கத்தும், சாயங்காலம் சிரிக்கும். அது வயசு. ஆனா வாரக்கணக்குல ஒரே பக்கமா நிக்குதா, தூக்கம் சாப்பாடு படிப்பு எல்லாத்தையும் பிடிச்சு இழுக்குதான்னு பாருங்க. அப்போ எங்ககிட்ட வாங்க. பேய் இல்ல, வளர்ப்புல தப்பும் இல்ல." கடைசி வார்த்தையில் அம்மா அழுதுவிட்டாள். அவள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

வார்டில் சேர்த்தார்கள், கூட அம்மா. முதல் நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. ஊசி போட்டார்கள், தூங்கினேன், எழுந்தேன், மறுபடி தூங்கினேன். நாக்கு தடித்துக் குழறியது, கை நடுங்கி டீ சிந்தியது. நினைவு தெளிந்தபோது வந்தது சந்தோஷமல்ல, அவமானம். ட்ரெயினில் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இனி அந்த ஊரில் எப்படி நடப்பேன், யார் என்னை மதிப்பார்கள் என்று பயமாக இருந்தது.

அப்புறம் லித்தியம் என்ற மாத்திரை. அது ஒரு உப்பு. இரத்தத்தில் குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் விஷம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை இரத்தம் எடுத்து எடுத்துச் சோதிக்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. பிரஷருக்காக உப்பில்லாமல் சமைக்கிற அத்தைக்கு இதைப் புரியவைக்க அப்பா பட்டபாடு தனிக்கதை.

ரோஸி அக்கா கடிபட்ட கையோடு வந்து பார்த்தார். நான் அழுதேன். "பல்லு நல்லா கெட்டியா கீது, அத பத்தி கவலப்படாத" என்றார். அம்மா மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போய்வரும் நாட்களில் ட்ரெயினில் அவள் படுத்துத் தூங்க ஒரு முழு சீட்டையே அந்தக் கூட்டம் விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் எழுப்பிவிட்ட அதே ஆட்கள்தான்.

காலையில் வரும் நர்ஸ் கன்னடக்காரர். கர்நாடகத்தில் யாரைப் பார்த்தாலும் "ஊட்டா ஆய்த்தா?", சாப்பாடு ஆச்சா, என்று கேட்பார்களே, இவர் "நித்தே ஆய்த்தா?", தூக்கம் ஆச்சா, என்று கேட்டுக்கொண்டே கட்டில் கட்டிலாக வருவார். ஷிப்ட் மாறும்போது ராத்திரி நர்ஸ் அவரைக் கட்டிலருகே நிறுத்தி ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்வார். இவள் எப்போது தூங்கினாள், நடுவில் எழுந்தாளா, மாத்திரை போட்டாளா, அழுதாளா. சொல்லி முடித்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போவார்.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பார்க்க வந்த அப்பா இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நர்ஸுகள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பா சொல்வாரு. சுரங்கத்துல கேஜ் லிப்ட்ல மேல வர்ற ஆளு, கீழ எறங்கப்போற ஆளுகிட்ட நின்னு சொல்லிட்டுதான் வீட்டுக்குப் போவணும். எங்க பாறை சத்தம் போடுது, எங்க தண்ணி கசியுதுன்னு. சொல்லாம பூட்டா கீழ போறவன் செத்தான்." நர்ஸுகள் போன பக்கம் திரும்பிப் பார்த்தார். "நம்ம வீட்ல மூணு ஷிப்ட் ஓடிகினு இருந்துச்சி. ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட சொல்லல."

வீட்டுக்கு வந்த பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பா கிளம்பும்போது அம்மாவை எழுப்பிச் சொல்வார், அம்மா கடைக்குப் போகும்போது அத்தையிடம், ராத்திரி அத்தை வந்து அம்மாவிடம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் சமையலறையில், கிசுகிசுவென்று. "இன்னிக்கு ரெண்டு தோசதான் துன்னா." "டிவி பாத்து ரொம்ப சிரிச்சா, கவனிச்சுக்கோ." நான் அடுத்த அறையில் உட்கார்ந்து என்னைப் பற்றிய செய்தி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் தாங்கமுடியாமல் போய் நின்று, "நான் இன்னா பாறையா? எங்க சத்தம் வருதுன்னு எங்கிட்டயே கேட்டா இன்னா?" என்று கத்தினேன். கத்தியதையும் மறுநாள் அம்மா அத்தையிடம் ஒப்படைத்தாள்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நானே புகார் வைத்தேன். அவர் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். "ஷிப்ட் மாத்தறது நல்ல பழக்கம், விடாதீங்க. ஆனா இவளும் ஒரு ஷிப்ட்தான். முதல்ல இவ சொல்லட்டும், அப்புறம் நீங்க சொல்லுங்க. இவ மனச இவதான் நாள் முழுக்கப் பாத்துட்டிருக்கா."

அன்றிலிருந்து நான் நாலாவது ஷிப்ட். காலையில் அம்மாவும், ராத்திரி வீடு திரும்பியதும் அப்பாவும் முதலில் என்னைக் கேட்பார்கள், நான் சொல்வேன். சொன்னதும் அப்பாவின் கண் தன்னையறியாமல் அம்மா பக்கம் போகும், அம்மா லேசாகத் தலையசைப்பாள், அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளியும். நான் சொன்னது பாதி, அம்மா தலையாட்டுவது மீதி. அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியுமா? பூனை பாலில் சூடு கண்டது. ஆனாலும் வலித்தது. சோகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஆறுதல் சொல்வார்கள். சந்தோஷமாக இருந்தால்தான் ஆபத்து. விட்டுப்போன வருஷத்தைத் திரும்பப் படித்துப் பாஸான அன்று வாய்விட்டுச் சிரித்தேன். லட்டு வாங்கி வந்த அத்தை என் கண்ணைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ராத்திரி நல்லா தூங்கினா இல்ல?" என்று அம்மாவிடம் கேட்டாள். லட்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் சிரிப்பு இனி எப்போதுமே எனக்குச் சொந்தமாகாதோ என்று அன்று அழுதேன். மாத்திரையை விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. அதையும் காலையில் சொல்லிவிட்டேன், அது என் ஷிப்ட் என்பதால். அதைக் கேட்டு யாரும் கத்தவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் விடியலுக்கு முன்னால் தானாக விழிப்பு வந்தது. உடம்பு லேசாக இருந்தது. வெளியே பனி. கோலம் போடவேண்டும் போலிருந்தது. ஆசை வந்த வேகத்தில் பயமும் வந்தது. அதே மாதம், அதே நேரம், அதே கோலம். கண்ணை மூடி என்னையே சோதித்துப் பார்த்தேன். மூளை ஓடவில்லை. கொட்டாவி வந்தது. எனக்குக் கொட்டாவி அவ்வளவு பிடித்த நாள் வேறில்லை.

அறைக்கு வெளியே ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தால் அப்பா. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, விளக்கும் போடாமல், கதவுப்பக்கம் அடிமேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததிலிருந்து அவர் வீட்டில் ஷூ போடுவதே இல்லை, காபியும் குடிப்பதில்லை, தெருமுனையில் போய் ஷூ போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் டீ குடிக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் தூக்கம் கலையக்கூடாதாம். பேசாமல் படுத்துக்கொண்டால் அவர் நிம்மதியாகப் போவார். ஆனால் நாலாவது ஷிப்ட் பேசாமல் இருக்கக்கூடாது.

"அப்பா."

அவர் அப்படியே நின்றார்.

"முழிச்சிகினு இருக்கேன்பா."

"எப்போலேர்ந்து?"

"இப்பதான். ராத்திரி மாத்திரை போட்டுட்டு சீக்கிரமாவே தூங்கிட்டேன். நடுவுல எழுந்துக்கல. கோலம் போடலாம்னு தோணுச்சி."

"எத்தினி வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு மட்டும்."

அவர் கண் அம்மா தூங்கும் பக்கம் போனது. பழக்கம் அது. நான் காத்திருந்தேன். அம்மா நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு அடி அந்தப் பக்கம் வைத்தார், நின்றார், திரும்பினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஷூவைக் கீழே வைத்தார். விளக்கைப் போடச் சொன்னார். காலை நுழைத்து நாடாவைக் கட்டி, தரையில் டக் டக்கென்று தட்டிக்கொண்டார். ரொம்ப நாளாக எங்கள் வீட்டில் கேட்காத சத்தம்.

"காபி போடு. எனக்கும் ஒரு வாய்."

போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது. பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தவர், படியில் நின்று திரும்பிச் சொன்னார்.

"அம்மாவ எழுப்பல. அவ எழுந்தா நீயே சொல்லிடு."

அவர் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார். நான் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.